சீனக் குடியானவனும் உலகச் சந்தையும்

1958-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி சீன மக்கள் குடியரசு பிறப்பித்த குடும்பப் பதிவுச் சட்டம், அந்நாட்டின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுக் கடந்து செல்லும் சட்டமாகும். 1949 அக்டோபர் முதல் தேதியின் பிரகடனமும், 1966-இல் மூண்ட கலாசாரப் புரட்சியும், 1978 டிசம்பரில் கூடிய மத்தியக் குழுவின் தீர்மானமும் பெற்றிருக்கிற கீர்த்தியில் நூறில் ஒரு பங்கும் அதற்குக் கிடைத்ததில்லை. ஆயினும், திட்டப் பொருளாதாரத்தின் உச்சத்தில் நின்ற சீனமும், பின்னர் உலகம் முழுவதற்கும் பண்டம் செய்து கொடுக்கும் பட்டறையாக மாறிய சீனமும் எவ்வாறு ஒரே நாடாக, ஒரே கட்சியின் ஆட்சியில், இடையில் முறிந்துபோகாமல் நின்றன என்று அறிய விரும்புவோர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய ஏடு அதுவே என்பது என் துணிபு.

அந்தச் சட்டமும் அதையொட்டிய விதிகளும் நாட்டின் குடும்பங்களை வேளாண் குடும்பம், வேளாண்மை சாராத குடும்பம் என இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்தன. கிராமத்தில் பதிவு பெற்றவன் நகரத்தில் குடியேற வேண்டுமாயின், நகரத் தொழிலாளர் இலாகாவின் வேலைச் சான்றோ, கல்விக்கூடத்தின் அனுமதிச் சான்றோ, நகரப் பதிவு அலுவலகத்தின் இசைவோ அவன் கையில் இருந்தாக வேண்டும். 1954-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பிரஜைகளுக்கு வசிப்பிடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை எழுத்தில் வழங்கியிருந்தது. நான்கே ஆண்டுகளில் அந்தச் சுதந்திரம் நடைமுறையில் இல்லாமற் போயிற்று. 1975-ஆம் ஆண்டுச் சாசனத்தில் அந்த வாசகமே நீக்கப்பட்டது. தாயின் பதிவு எதுவோ அதுவே குழந்தையின் பதிவு என்ற விதி 1998 வரை நீடித்தது. புரட்சியின் பெயரால் பிறப்பின் அடிப்படையிலான ஏற்றத்தாழ்வுகளை ஒழித்த ஓர் அரசு, பிறப்பையே அடிப்படையாகக் கொண்ட புதியதொரு பிரிவினையைக் கோடிக்கணக்கான மக்கள் மேல் சுமத்தியது எதனால் என்ற வினாவுக்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்வது அவசியம்.

1921 ஜூலையில் ஷாங்காய் நகரில் பதின்மூன்று பிரதிநிதிகளோடு கூடித் தொடங்கிய சீனக் கம்யூனிஸ்ட் கட்சி, மார்க்சியச் சம்பிரதாயப்படி ஆலைத் தொழிலாளர்களையே தன் வர்க்கமாகக் கருதியது. 1927-இல் ஷாங்காயில் கோமின்டாங் தலைவர் சியாங் கை ஷேக்கின் படைகள் அவர்களுடைய தொழிற்சங்கங்களைக் குருதி வெள்ளத்தில் மூழ்கடித்த பின்னரே, அதே ஆண்டில் ஹுனான் மாகாணத்தின் குடியானவர் இயக்கத்தைப் பற்றி மாவோ சே துங் எழுதிய அறிக்கையின் பொருள் கட்சிக்குச் சிறுகச் சிறுகப் புலப்படலாயிற்று. சியாங்கின் படைகளிடமிருந்து தப்பிச் சென்ற நெடும்பயணத்தின் முடிவில் யேனான் குகைகளில் தங்கிய கட்சியைக் காத்தவன் குடியானவன். அதன் சேனைக்குப் புதல்வர்களையும் தானியத்தையும் தந்தவன் குடியானவன். 1950-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அக்கடனைத் திருப்பிச் செலுத்தியது என்றே சொல்லலாம். நிலப்பிரபுக்கள் பலர் கொல்லப்பட்ட கொடுமையும் அதனோடு கலந்தே நிகழ்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவன் முதன்முதலாகத் தன் பெயரில் பட்டா பெற்ற அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் போல் சீனக் கிராமம் நம்பிக்கையோடு இருந்த காலம் வேறில்லை.

அந்நம்பிக்கைக்கு முதல் அடி 1953-இன் இறுதியில் விழுந்தது. சோவியத் உதவியோடு அமைக்கப்பட வேண்டிய 156 பெருந்தொழில் திட்டங்களை மையமாகக் கொண்ட முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. இரும்பு உலைக்கும் மின்நிலையத்துக்கும் வேண்டிய யந்திரங்களுக்கு விலை கொடுக்க அந்நாட்டிடம் பொன்னும் இல்லை, காலனிகளும் இல்லை. இருந்தது வேளாண் விளைபொருள் ஒன்றே. கட்சியின் பொருளாதார அறிஞர் சென் யுன் வகுத்த தானியக் கொள்முதல் ஏகபோகத்தின்படி, குடியானவன் தன் உபரித் தானியத்தை அரசு குறித்த விலைக்கு அரசுக்கே விற்றாக வேண்டும். தானியத்துக்குக் குறைந்த விலை, தொழிற்பண்டத்துக்கு உயர்ந்த விலை என்னும் இந்த இடைவெளியின் வழியாகக் கிராமத்தின் செல்வம் நகரத்தின் ஆலைகளுக்குச் சென்றது. வரி என்று பெயரிடப்படாத வரி அது. குடியானவனின் ரசீதில் காணப்படாதது. எனினும் ஆண்டுதோறும் தவறாமல் வசூலிக்கப்பட்டது.

சீனம் அக்காலத்தில் உலகத்தை விட்டுத் தானே கதவடைத்துக்கொண்டது என்று பலர் எழுதுவர். அது முழு உண்மை அன்று. கொரியப் போரை ஒட்டி அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் விதித்த வர்த்தகத் தடையால் அந்நாடு ரப்பர் போன்ற அத்தியாவசியப் பொருள்களைப் பெற இயலாது தவித்தபோது, 1952 டிசம்பரில் இலங்கை அரசு அதனோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை அனுப்புவது, 2,70,000 டன் அரிசியைச் சீனம் அனுப்புவது என்று ஐந்தாண்டுகளுக்கு முடிவான அவ்வுடன்பாடு, அமெரிக்க உதவியை இழக்கும் அபாயத்தைத் தெரிந்தே ஒரு சிறு நாடு மேற்கொண்டது. இலங்கைக்கு அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பதே நாம் இங்குக் கவனிக்க வேண்டியது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய ஒவ்வொரு மூட்டையும் யாங்சே நதிக்குத் தெற்கே ஏதோவொரு கிராமத்தில் அரசு விலைக்குக் கொள்முதலான தானியம். சீனத்தின் சர்வதேச வர்த்தகம் 1978-க்குப் பின் பிறந்ததன்று. 1950-களிலேயே அது இருந்தது. அப்போது கிராமம் ஏற்றுமதி செய்தது தானியம், பிற்காலத்தில் ஏற்றுமதி செய்தது உழைப்பு. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் அரை நூற்றாண்டு தானே விளங்கும்.

தானியத்தை இவ்வாறு வாங்கும் அரசு, தானியம் விளைவிப்பவனை நிலத்திலேயே இருத்தியாக வேண்டும்; நகரத்தில் ரேஷன் பெறும் வாய்களின் தொகையைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். குடும்பப் பதிவுச் சட்டத்தின் தர்க்கம் இதுவே. அதே ஆண்டில் வந்த மக்கள் கம்யூன் அதன் மறுபாதி. 1958 ஏப்ரலில் ஹொனான் மாகாணத்தின் சின்யாங் வட்டாரத்தில் முதல் கம்யூன் அமைந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் சுமார் 26,000 கம்யூன்கள் எழுந்துவிட்டன. சொந்த அடுப்பு அணைந்தது, பொதுச் சாப்பாட்டுக்கூடம் வந்தது. அறுவடைக் காலத்தில் உழவர்கள் கொல்லைப்புற இரும்பு உலைகளுக்கு விரட்டப்பட்டனர். வயலில் கதிர் உதிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மட்டத்து அதிகாரியும் தன் மேலதிகாரியை மகிழ்விக்க விளைச்சலைப் பெருக்கிக் கூற, 1958-இல் 37 கோடியே 50 லட்சம் டன் தானியம் விளைந்ததாக அரசு அறிவித்தது. உண்மை விளைச்சல் சுமார் 20 கோடி டன். இல்லாத தானியத்தின் மேல் கொள்முதல் விகிதம் கணக்கிடப்பட்டபோது, எடுத்துச் செல்லப்பட்டது உண்பதற்கும் விதைப்பதற்கும் வைத்திருந்த தானியமே. 1959-இல், பஞ்சம் தொடங்கிவிட்ட நிலையிலும், சீனம் நாற்பது லட்சம் டன்னுக்கும் மேலான தானியத்தை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது.

முதல் கம்யூன் பிறந்த அதே சின்யாங் வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். நாடு முழுவதும் 1959 முதல் 1961 வரை பசியால் இறந்தவர்களின் தொகையை ஒன்றரைக் கோடி என்போரும் நான்கரைக் கோடி என்போரும் உளர். தம் தந்தையையே அப்பஞ்சத்தில் பறிகொடுத்த சீனப் பத்திரிகையாளர் யாங் சிஷெங், பல்லாண்டுகள் மாகாண ஆவணக்கூடங்களைத் துருவி 3 கோடியே 60 லட்சம் என்று கணக்கிட்டார். மாண்டவர்கள் மிகப் பெரும்பாலும் தானியத்தை விளைவித்தவர்களே. நகரவாசிக்கு மெலிந்ததேனும் ஒரு ரேஷன் இருந்தது. கிராமத்தானுக்கு அதுவும் இல்லை. பிச்சையெடுக்கவும் ஊரை விட்டுப் போகவொட்டாதபடி சாலைகளில் காவல் நின்றது. நிலைமை கைமீறிய பின்னர், 1961 முதல் மூன்று ஆண்டுகளுக்குள் சுமார் இரண்டு கோடி நகரவாசிகள் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அரசின் ரேஷன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். நெருக்கடி வரும்போதெல்லாம் அதன் சுமையைக் கிராமத்தின் தலையில் இறக்கி வைக்கும் இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் கொள்க. 2009-இல் இதை மறுபடியும் காண்போம்.

1959-இல் லூஷான் மலைக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லத் துணிந்த மார்ஷல் பெங் தெஹுவாய் பதவி இழந்தார். 1962-இல், இக்கேட்டின் பெரும்பகுதி மனிதரால் விளைந்ததே என்று ஒப்புக்கொண்ட குடியரசுத் தலைவர் லியு ஷாவோ சி, கலாசாரப் புரட்சியில் இழிவுபடுத்தப்பட்டு, 1969-இல் கைஃபெங் நகரில் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தார். இவ்வளவும் சொன்ன பிறகு, மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அதே ஆட்சியில் கிராமத்துக்குக் கிராமம் ஆரம்பப் பள்ளி எழுந்தது. வெறுங்கால் மருத்துவர்கள் என்று அழைக்கப்பட்ட எளிய பயிற்சி பெற்ற வைத்தியர்கள் தடுப்பூசியையும் மகப்பேற்று உதவியையும் வரப்பு வரை கொண்டு சென்றனர். 1949-இல் நாற்பதுக்கும் கீழே இருந்த சராசரி ஆயுள், 1970-களின் முடிவில் அறுபத்தைந்தை ஒட்டி உயர்ந்தது. பஞ்சத்தைத் தவிர்த்ததில் சுதந்திர இந்தியாவுக்குள்ள பெருமையைப் பேசிய அமர்த்தியா சென், அன்றாட மருத்துவத்திலும் எழுத்தறிவிலும் சீனம் இந்தியாவை விஞ்சி நின்றதையும் அழுத்தமாகச் சுட்டிக்காட்டியுள்ளார். பின்னாளில் கடற்கரைத் தொழிற்கூடங்களில் வந்து அமர்ந்த பெண்கள், எழுத்தறிந்தவர்களாகவும் உடல் வலுவுள்ளவர்களாகவும் இருந்தது தற்செயலன்று.

இவ்விடத்தில் ஓர் அறிஞரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங் 1936-இல் தாய் ஏரிக்கு அருகிலுள்ள காய்சியன்கோங் என்ற கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, லண்டனில் மாலினோவ்ஸ்கியின் மாணவராக அதை நூலாக்கியவர். நிலம் குறைந்து மக்கள் பெருகிய அந்தக் கிராமங்கள் வெறும் நெல்லால் வாழ்வதில்லை, பட்டு முதலிய கைத்தொழில்களால் வாழ்கின்றன. அத்தொழில் அழிந்தால் உழவனும் அழிவான் என்பது அவர் கண்ட உண்மை. 1957-இல் அவர் அதே ஊருக்கு மறுபடி சென்றபோது, தானிய விளைச்சல் கூடியிருந்தும் மக்கள் கையில் பணமில்லாமல் இருப்பதைக் கண்டார். கிராமத் தொழில்களை மீட்க வேண்டுமென எழுதினார். எழுதிய ஆண்டிலேயே வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார்; இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய எழுத்தும் ஆய்வும் முடங்கின. 1981-இல் அவர் மூன்றாம் முறை அவ்வூருக்குச் சென்றார். அவர் சொன்னது சரி என்பதற்கு நாடே சாட்சியாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கிராமத்தை உண்மையாகப் படித்தவன் வாக்கைச் செவிமடுத்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

1976 செப்டம்பரில் மாவோ மறைந்தார். அக்டோபரில், கலாசாரப் புரட்சியை முன்னின்று நடத்திய நால்வர் குழு கைதாயிற்று. இரண்டு ஆண்டுகளில் டெங் சியாவோ பிங் அதிகாரத்தின் மையத்துக்கு வந்தார். 1978 டிசம்பரில் கூடிய பதினோராம் மத்தியக் குழுவின் மூன்றாம் பேரமர்வையே சீர்திருத்தத்தின் உதயமாகப் பாடநூல்கள் கூறும். ஆனால் அப்பேரமர்வு விவசாயத்தைப் பற்றி வகுத்த நகல் தீர்மானம், நிலத்தைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தெளிவாகத் தடை செய்திருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, அன்ஹுய் மாகாணம் ஃபெங்யாங் மாவட்டத்தின் சியாவ்காங் சிற்றூரில், பஞ்ச காலத்தில் பாதிக்கு மேல் மக்களை இழந்து, ஆண்டுதோறும் பிச்சைக்குப் புறப்பட்டுப் பழகிய பதினெட்டுக் குடும்பத்தார் இரவில் கூடி, வயல்களை இரகசியமாகப் பங்கிட்டுக்கொள்வதென்றும், தலைவர்கள் சிறைப்பட்டால் அவர்களுடைய பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பதென்றும் எழுதிக் கைரேகை பதித்தனர். அடுத்த ஆண்டு அறுவடை பன்மடங்கு பெருகிற்று. மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி அவர்களைத் தண்டிக்க மறுத்தார். அந்த மறுப்பே அவருடைய பெரும்பணி. நாட்டின் பல பகுதிகளிலும் உழவர்கள் இவ்வாறே ஓசையின்றிச் செய்துகொண்டிருந்ததைக் கட்சி முதலில் பொறுத்தது, பிறகு அனுமதித்தது, பிறகு தன் கொள்கை என்று அறிவித்தது. 1983-க்குள் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் தனித்தனியே பயிரிட்டன, கம்யூன்கள் கலைந்தன.

அரசு 1979-இல் தானியக் கொள்முதல் விலையை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தியதும் இதற்குத் துணை நின்றது. 1978-இல் 30 கோடியே 50 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984-இல் 40 கோடியே 70 லட்சம் டன்னாயிற்று. கிராமத்தாரின் தலைவீத வருமானம் 134 யுவானிலிருந்து 355 யுவானாக உயர்ந்தது. உலக வங்கி பின்னாளில் கணக்கிட்ட எண்பது கோடி மக்களின் வறுமை மீட்சியில், அந்நிய மூலதனம் கண்ணில் படுவதற்கு முன்பே நிகழ்ந்த இந்த ஆறு ஆண்டுகளின் பங்கு மிகப் பெரிது. வயலில் மிச்சமான கைகள் ஊர்த் தொழில்களுக்குச் சென்றன. 1978-இல் 2 கோடியே 80 லட்சம் பேர் வேலை செய்த ஊர்த் தொழிற்கூடங்களில் 1996-இல் 13 கோடியே 50 லட்சம் பேர் உழைத்தனர். இந்த வளர்ச்சியைத் தாங்கள் எதிர்பார்த்ததே இல்லை என்று டெங் 1987-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சீனத்தின் சீர்திருத்தம் தலைவர்களின் முன்யோசனையால் விளைந்தது என்போருக்கு அவருடைய இந்த வாக்குமூலமே போதிய மறுமொழி.

கடற்கரைக்கு வருவோம். குவாங்டோங் மாகாணத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர் உயிரைப் பணயம் வைத்து ஹாங்காங்குக்குத் தப்பிச் சென்றுகொண்டிருந்த நாள்களில், வேலியை உயர்த்துவதை விட வேலிக்கு இப்பால் பிழைப்பை உண்டாக்குவதே தக்கது என்று அம்மாகாணத் தலைவர் சி சோங்ஷுன் முதலானோர் மத்திய அரசிடம் வாதிட்டனர். யேனான் காலத்து எல்லைப்புறப் பிரதேசமும் ஒரு விசேஷப் பிரதேசமாகத்தானே இருந்தது என்று கூறி, விசேஷ மண்டலம் என்ற பெயரை டெங் அளித்தார். 1980-இல் ஷென்சென், சூஹாய், ஷான்டோ, சியாமென் ஆகிய நான்கும் பொருளாதார விசேஷ மண்டலங்களாயின. 1984-இல் பதினான்கு துறைமுக நகரங்கள் திறந்துவிடப்பட்டன. மண்டலங்கள் பிறப்பதற்கும் முன்பே, 1978-இல், டோங்குவானின் ஹூமென் ஊரில் ஹாங்காங் முதலாளி ஒருவரின் துணியும் அச்சும் கொண்டு கைப்பை தைத்துக் கூலி மட்டும் பெறும் சிறு பட்டறை ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது. பின்னர் பேருருக் கொண்ட ஏற்றுமதித் தொழிலின் வித்து அதுவே: மூலப்பொருள் வெளியிலிருந்து வரும், சந்தை வெளியில் இருக்கும், உழைப்பு ஒன்றே உள்ளூர்.

இதைக் கொள்கையாக வகுத்தவர் திட்டக் கமிஷனைச் சேர்ந்த வாங் ஜியான் என்ற இளம் பொருளியலாளர். 1987-இல் அவர் முன்வைத்த வாதம் சுருக்கமானது: கிராமங்களில் கோடிக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் உழைப்பை ஏற்றுமதிப் பண்டமாக்கி அந்நியச் செலாவணி ஈட்டினால், அதைக் கொண்டு கனரகத் தொழிலுக்கு வேண்டிய யந்திரங்களையும் நுட்பத்தையும் பெறலாம். கட்சியின் பொதுச் செயலாளர் சாவோ சியாங் அதை 1988-இல் கடற்கரை அபிவிருத்தித் திட்டமாக ஏற்றார். இந்த வாதத்தை 1953-ஆம் ஆண்டின் தானிய ஏகபோகத்தோடு அருகருகே வைத்துப் படிக்கும்படி வாசகர்களை வேண்டுகிறேன். அன்று கிராமத்துத் தானியம் கடல் கடந்து யந்திரமாகத் திரும்பியது. இன்று கிராமத்து உழைப்பு கடல் கடந்து யந்திரமாகத் திரும்ப வேண்டும். சித்தாந்தத்தின் சொற்கள் மாறின; செல்வம் பாயும் திசை மாறவில்லை. பொதுவுடைமைச் சீனத்துக்கும் உலகச் சந்தைச் சீனத்துக்கும் இடையே ஒரு பெரும் பள்ளத்தைக் காண்பவர்கள், இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறியவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கணக்கு பொருந்தும்படி செய்தது 1958-ஆம் ஆண்டுப் பதிவுமுறை. சந்தை வந்ததும் அது உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு, உதிரவில்லை. ரேஷன் கூப்பன்கள் 1990-களின் தொடக்கத்தில் ஒழிந்தபின், கிராமத்தான் நகரத்துக்கு வந்து உழைக்கலாம், ஆனால் நகரத்தான் ஆகக்கூடாது என்ற புதிய உருவில் அது நிலைத்தது. தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டு, ஆலைக்குள்ளேயே தங்கும் விடுதி, பிள்ளைக்கு நகரப் பள்ளியில் இடமின்மை, நோயுற்றால் மருத்துவ உதவியின்மை, முதுமை வந்தால் ஊருக்குத் திரும்புதல் ஆகிய இத்தனையும் சேர்ந்து, ஒரு தொழிலாளியை வளர்க்கும் செலவையும் முதுமையில் காக்கும் செலவையும் கிராமத்தின் மேல் வைத்து, அவருடைய உழைக்கும் ஆண்டுகளை மட்டும் ஆலைக்கு அளித்தன. ஷென்சென் மண்டலத்தைச் சுற்றி 1980-களில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கம்பி வேலி ஒன்று இருந்தது. சீனரே ஆயினும் எல்லைச் சீட்டு இன்றி உள்ளே நுழைய இயலாதிருந்தது.

1993 நவம்பரில் அந்நகரின் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தது. சன்னல்களுக்குக் கம்பியிட்டு, கதவுகள் பூட்டப்பட்டிருந்த அக்கட்டடத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அநேகமாக எல்லோரும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். மேலைநாட்டுக் குழந்தைகளின் கைக்குப் போக வேண்டிய பொம்மைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். சுதந்திரச் சந்தை என்ற தொடரை எளிதாக உச்சரிக்கும் பொருளியல் நூல்களில், ஆலை மாறவும் ஊர் மாறவும் கூலி பேசவும் சங்கம் அமைக்கவும் சுதந்திரமற்ற இவர்களுக்குரிய அத்தியாயம் இருப்பதில்லை, இருக்க வேண்டும்.

1985-இல் வந்த இரட்டை விலைமுறை, அதாவது ஒரே எஃகுக்கும் நிலக்கரிக்கும் திட்ட விலை ஒன்று, சந்தை விலை ஒன்று என்ற ஏற்பாடு, திட்டத்தைத் தகர்க்காமலே சந்தையை வளரவிட்டது என்பது உண்மை. மலிவில் வாங்கி மிகுவிலைக்கு விற்கும் அதிகாரிகளும் அவர்தம் புதல்வர்களும் அதில் கொழுத்தனர் என்பதும் உண்மை. 1988-இல் விலைவாசி 18 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அந்தக் கோபமும் ஜனநாயக வேட்கையும் ஒன்றுகூடிய 1989-ஆம் ஆண்டு வசந்தம், ஜூன் 4-ஆம் தேதி துப்பாக்கி முனையில் முடிந்தது. அந்த ஒடுக்குமுறைக்கு இசையாமல் பதவியிழந்த சாவோ சியாங் 2005-இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். பறவைக்குக் கூண்டு தேவை, கூண்டைப் பெரிதாக்கலாமேயன்றி அகற்றலாகாது என்று சந்தையையும் திட்டத்தையும் ஒப்பிட்ட சென் யுன்னின் அணியினர் மேலோங்கினர். 1992-இன் தொடக்கத்தில் எண்பத்தேழு வயதான டெங், ஷென்செனுக்கும் சூஹாய்க்கும் பயணம் செய்து, சந்தை என்பது முதலாளித்துவத்தின் தனிச்சொத்து அன்று என்று பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் கட்சிப் பேரவை சோஷலிசச் சந்தைப் பொருளாதாரத்தைத் தன் இலட்சியமாக ஏற்றது.

துணைப் பிரதமர் சூ ரோங்ஜியின் கைவண்ணத்தில் 1994-இல் வரிப் பகிர்வும் நாணய மாற்று விகிதமும் சீரமைக்கப்பட்டன. 1990-களின் இறுதியில் நஷ்டத்தில் நடந்த அரசாங்க ஆலைகள் மூடப்பட்டபோது, இரண்டரைக் கோடிக்கும் அதிகமான தொழிலாளர் வேலையிழந்தனர். மஞ்சூரியாவின் பழைய எஃகு நகரங்களில் புரட்சியின் தலைமக்கள் என்று போற்றப்பட்டவர்கள் தெருவில் நின்றனர். அவர்களுடைய துயரம் தனியே எழுதத்தக்கது. பதினைந்து ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2001 டிசம்பர் 11-ஆம் தேதி சீனம் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உறுப்பினராயிற்று. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, கட்சியின் எண்பதாம் ஆண்டு விழாவில், தனியார் தொழிலதிபர்களும் கட்சியில் சேரலாம் என்று அதன் பொதுச் செயலாளர் ஜியாங் செமின் அறிவித்திருந்தார். 2004-இல் தனிச்சொத்துரிமை அரசியல் சாசனத்தில் இடம்பெற்றது. 1978-இல் ஆயிரம் கோடி டாலரையும் எட்டாத ஏற்றுமதி, 2001-இல் 26,600 கோடியாகவும், 2008-இல் 1,43,000 கோடியாகவும் வளர்ந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டது அந்நிய மூலதனம் கலந்த நிறுவனங்களிலிருந்து சென்றது. 2009-இல் சீனம் உலகின் முதல் ஏற்றுமதி நாடாயிற்று.

அந்த 2009-ஆம் ஆண்டுதான் இந்த அமைப்பின் உட்பொருளை வெளிக்காட்டிய ஆண்டு. அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, கடற்கரை ஆலைகளுக்கு வர வேண்டிய ஆணைகள் நின்றபோது, வெளியூர் சென்று உழைத்த பதின்மூன்று கோடி கிராமத்தாரில் சுமார் இரண்டு கோடிப் பேர் வேலையிழந்து ஊர் திரும்பியதாக அரசின் விவசாயக் கொள்கை அலுவலரே அறிவித்தார். ஓர் ஐரோப்பிய நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடான தொழிலாளர் ஒரு குளிர்காலத்தில் வேலையிழந்தும் நகரங்களில் கலகம் மூளவில்லை. ஏனெனில் அவர்கள் நகரங்களில் இல்லை. ஊரில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. விற்க முடியாத, அடமானம் வைக்க இயலாத, ஆயினும் உழுது உண்ணக்கூடிய நிலம். உலகச் சந்தையின் வீழ்ச்சியைத் தாங்கி நின்றது, சியாவ்காங் குடியானவர்கள் கைரேகை இட்டு மீட்டெடுத்த அந்தப் பங்கு நிலமே. 1961-இல் போலவே இம்முறையும் சுமை கிராமத்தில் இறங்கிற்று. முன்போல் உயிர்கள் மடியவில்லை என்பது பெரிய வேற்றுமை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் நியாயமாகாது. சீட்டில்லாத கிராமத்தாரைப் பிடித்து அடைத்து ஊருக்கு அனுப்பும் விதி 2003-இல் நீக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக வசூலான விவசாய வரி 2006 ஜனவரி முதல் தேதியோடு ஒழிந்தது. வேளாண் குடும்பம், வேளாண்மை சாராத குடும்பம் என்ற பாகுபாட்டை நீக்குவதாக 2014-இல் ஆணை வந்தது. சிறு நகரங்களில் குடிப்பதிவு பெறுவது இப்போது எளிது. ஆனால் வேலை இருக்குமிடம் பெருநகரங்கள். அங்குப் பதிவு, கல்வித் தகுதிக்கும் வரி செலுத்திய ஆண்டுகளுக்கும் மதிப்பெண் போட்டு அளந்து கொடுக்கப்படுகிறது. ஷென்சென் நகரில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழும் 1 கோடியே 75 லட்சம் பேரில் அந்நகரப் பதிவு உடையவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. பெற்றோர் வெளியூரில் உழைக்க, பாட்டன் பாட்டியோடு கிராமத்தில் விடப்பட்ட சிறுவர் ஆறு கோடிக்கு மேல் என்று 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்ட மகளிர் சம்மேளன அறிக்கை கூறியது.

இன்று பெய்ஜிங்கின் திட்டக்காரர்கள் வேறொரு கவலையில் இருக்கின்றனர். அமெரிக்கா சுங்க வரிகளை உயர்த்துகிறது; நகரசபைகளின் வருவாய்க்கு ஆதாரமாயிருந்த நில விற்பனையும் கட்டடத் தொழிலும் 2021 முதல் தளர்ந்துவிட்டன; ஏற்றுமதியை மட்டும் நம்பாமல் உள்நாட்டு நுகர்வைப் பெருக்க வேண்டும் என்று கட்சி 2020 முதல் வலியுறுத்தி வருகிறது. குடும்பங்களின் நுகர்வோ நாட்டு உற்பத்தியில் நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய பொருளாதாரங்களுள் இவ்வளவு குறைவானது அரிது. செலவழிக்கத் தக்க வயதில், கூலி பெற்று, ஆனால் பிள்ளையின் பள்ளிக்கும் தாயின் சிகிச்சைக்கும் தன் முதுமைக்கும் அஞ்சி ஒவ்வொரு யுவானையும் சேமித்து வைப்பவர்கள் யார் என்று தேடினால், ஏறத்தாழ முப்பது கோடிப் பேராக உள்ள அதே குடியானவத் தொழிலாளரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பெருநகரங்களில் முழுக் குடியுரிமை அளிப்பதாயின், பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஓய்வூதியமும் நகரசபைகளின் செலவில் விரிவடைய வேண்டும். நில வருவாய் வற்றிய நகரசபைகள் அதற்கு இசையவில்லை. மத்திய அரசு தன் கருவூலத்தைத் திறந்து அச்செலவை ஏற்பதாக இதுவரை அறிவிக்கவும் இல்லை.